ஜாவா எனத்துக்குள்ள இருக்க கன்ஸ்ட்ரக்டர யாரு கூப்பிடுதா?

பாளை_மாணவன்:
அண்ணாச்சி, தாமிரபரணி அணைகளோட நீர்மட்டம் காட்டுத மாதிரி ஜாவால ஒரு ப்ராஜெக்ட் பண்ணுதேன். அணை பேரெல்லாம் எனம்ல (enum, மாறாத பேருகளோட பட்டியல்) இருக்கு, முழு உயரத்துக்கு தனியா ஒரு சுவிட்ச் போட்டு பாபநாசம்னா 143 அடி, சேர்வலாறுன்னா 156, மணிமுத்தாறுன்னா 118ன்னு எடுக்கேன். கூட படிக்க பையன் அதை எனத்துக்குள்ளயே கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுத பகுதி) வச்சு குடுக்கலாம்ங்கான். வச்சா, பப்ளிக்னு போட்டதுக்கு எரர் அடிக்கு, நியூ போட்டு கூப்பிடவும் விடமாட்டேங்கு. பொறவு அதை யாருதான் கூப்பிடுதா?

ஜங்ஷன்_கோடர்:
அவன் சொல்லுதது சரிதான் தம்பி. எனம் கன்ஸ்ட்ரக்டர் எப்பவும் பிரைவேட், நீ எழுதாட்டியும் அப்படித்தான், பப்ளிக்கும் ப்ரொடெக்டடும் ஆகாது. இந்த வரியப் பாரு:

பாபநாசம்(143), சேர்வலாறு(156), மணிமுத்தாறு(118);

கூப்பிடுததே இதுதான். ஒவ்வொரு பேரும் ஒரு ஆப்ஜெக்ட், அடைப்புக்குறிக்குள்ள இருக்கது கன்ஸ்ட்ரக்டருக்குப் போகும், எனத்த மொத தடவ பயன்படுத்தும்போது மூணும் உருவாயிரும், அதுக்குமேல ஒண்ணு கூட உண்டாக்க முடியாது, அதான் நியூ கெடையாது. இந்த வரிதான் எனத்துல மொதல்ல வரணும், கடைசில அரைப்புள்ளி வச்சுட்டு அதுக்குக் கீழ ஃபீல்டு, கன்ஸ்ட்ரக்டர் எல்லாம் எழுது. பேரு தமிழ்ல இருந்தாலும் ஜாவா ஏத்துக்கிடும், ஃபைல யூடிஎஃப்-8ல சேவ் பண்ணிக்கோ.

சுவிட்ச விட இது ஏன் நல்லதுன்னா, நாளைக்கு கடனாநதியச் சேக்கும்போது சுவிட்ச்ல கேஸ் எழுத விட்டுப்போச்சுன்னா அது பாட்டுக்கு டீஃபால்ட்டுக்குப் போயிரும், கன்ஸ்ட்ரக்டர்னா 85ன்னு குடுக்காம கம்பைலே ஆகாது.

அம்பை_டெவ்:
ஒண்ணு மட்டும் கவனமா இரு தம்பி, இன்னைக்கு நீர்மட்டத்த எனத்துக்குள்ள ஃபீல்டா வச்சு செட்டர் எழுதிராத. ப்ரோக்ராம் முழுக்க பாபநாசம்னா ஒரே ஆப்ஜெக்ட்தான், ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறும், ரெண்டு த்ரெட் ஒண்ணா எழுதுனா எந்த அளவு நிக்கும்னே சொல்ல முடியாது. அணையோட உயரம் மாறாது, அது ஃபைனல் ஃபீல்டுல இருக்கட்டும். தெனமும் ஏறி எறங்குத மட்டத்த வெளிய ஒரு எனம்மேப்ல (EnumMap, ஒவ்வொரு எனம் பேருக்கும் ஒரு மதிப்ப சேத்து வைக்குதது) வை.

பாளை_மாணவன்:
புரிஞ்சிட்டு அண்ணாச்சி. ஒவ்வொரு அணைக்கும் ஒரு கோடு (code, அடையாளக் குறியீடு) இருக்கு, அதை வச்சு தேடுததுக்கு ஒரு ஸ்டாட்டிக் மேப் போட்டு கன்ஸ்ட்ரக்டர்லயே நெரப்பப் பாத்தேன், அதுக்கும் எரர்.

ஜங்ஷன்_கோடர்:
வரத்தான் செய்யும். அணை ஆப்ஜெக்ட் எல்லாம் உருவான பொறவுதான் அந்த மேப்பே உருவாகும், அதனால கன்ஸ்ட்ரக்டர்ல இருந்து அதைத் தொட கம்பைலர் விடாது. மேப்புக்குக் கீழ ஒரு ஸ்டாட்டிக் பிளாக் எழுதி, எல்லா அணையையும் குடுக்குத வேல்யூஸ் (values) மெத்தட்ல ஒரு லூப் ஓட்டி நெரப்பு. டேட்டாபேஸ்லயும் அந்தக் கோடையே சேமி, ஆர்டினல் நம்பர (எனத்துல அந்தப் பேரு இருக்க வரிசை எண்) வைக்காத, எவனாவது நடுவுல ஒரு அணையச் சேத்தா பழைய ரெக்கார்டெல்லாம் வேற அணைக்குப் போயிரும்.