கனடாவின் ஆர்க்டிக் வடக்கில் ஐஸ், காற்று, காலநிலை படிப்பித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடாக்கரை

இக்காலுவிட்டில ஏழாம் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். மே மாத வெளிவகுப்பு எப்பிடியிருக்கும் எண்டு வடக்கில இருந்தவைக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்கிடூ எண்ட ஸ்னோ வண்டி, பின்னால கமுட்டிக் எண்ட இழுவைச் சறுக்கு, தெர்மொஸ் நிறையத் தேத்தண்ணி. பிள்ளையள் ஆகர் எண்ட துளைகருவியால ஐஸில துளை போட்டு, அளவுநாடா இறக்கி, ஐஸின்ர தடிப்பை எழுதிக்கொண்டிருந்தவை. ஒரு மீட்டருக்கு மேல. எல்லாருக்கும் சந்தோசம்.

எங்களோட வந்த ஐயா ஊரில பேர்போன வேட்டைக்காரர். இரும்பு முனைக் கம்பால தட்டித் தட்டி முன்னால போனார். குடா ஒடுங்கிற இடத்துக்குக் கிட்டப் போய் நிண்டு, கையை உயர்த்தி எங்களை மறிச்சார். பிறகு ஒரே குத்து. கம்பு உள்ள போச்சு, கறுப்புத் தண்ணி மேல வந்தது. மேலால பாத்தா அதே வெள்ளை ஸ்னோதான், ஒரு வித்தியாசமும் இல்லை.

எங்கட ஃப்ரோபிஷர் குடாவில கடல் வத்துறதுக்கும் பெருகிறதுக்கும் இடையில உயர வித்தியாசம் 10 மீட்டரையும் தாண்டும். ஒடுக்கத்தில நீரோட்டம் ஐஸை அடியிலயிருந்து அரிக்கும். மேல ஸ்னோ போர்வையாக் கிடந்து குளிரைக் கீழ விடாது, அதால ஐஸ் தடிக்கவும் மாட்டாது. இதெல்லாம் நான் கரும்பலகையில எழுதிப் படிப்பிச்சதுதான். ஆனா ஒரு பிள்ளை கொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு, "இதை எந்தக் கட்டத்தில எழுதுறது?" எண்டு கேட்டுது. திகதி, வெப்பநிலை, தடிப்பு. மூண்டு கட்டந்தான் இருந்தது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடேல்லை.

வைகை

அண்ணா, படிச்சதும் எனக்கு என் மூணாம் வகுப்புப் பையன் ஞாபகம் வந்துட்டான். பாஃபின் தீவோட வடக்குப் பக்கம், கரைக்கு முன்னாடி ஐஸ்பெர்க் உறைஞ்சு நிக்கிற ஊர். ஆளுக்கொரு துண்டு ஐஸ் கொண்டுவாங்கன்னு சொல்லியிருந்தேன். கடல்தண்ணி கிட்டத்தட்ட மைனஸ் 1.8 டிகிரியிலதான் உறையும், உறையும்போது உப்பை வெளிய தள்ளும், அதைக் காட்டலாம்னு திட்டம்.

இவன் மேஜையில இருந்த துண்டுகளை வாயில வைக்காமலே பிரிச்சான். இது இந்த வருஷக் கடல் ஐஸ், உப்பு. இது ஏரி. இது ஐஸ்பெர்க், டீக்கு நல்லது. அந்தத் துண்டை ஒரு டம்ளர் தண்ணில போட்டு, என்னைக் காதை வைக்கச் சொன்னான். படபடன்னு வெடிச்சுது. "பழைய காத்து வெளிய வருது"ன்னான். பனியாறு உருவானப்போ உள்ள அமுங்கிக் கிடந்த காத்து அது, அவன் சொன்னது அப்படியே சரி.

அந்த வருஷம் அவன் பேரு "கூடுதல் கவனம் தேவை" பட்டியல்ல இருந்துச்சு. ஆங்கிலத்துல வாசிக்க வரலைங்கிறதுக்காக. இப்ப நினைச்சாலும் கோவம் வருது.

ரெசொலூட் பலூன்

ரெசொலூட் என்ற வட கனடா ஊரின் வானிலை நிலையத்தில் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் பலூன் விடுவதைப் பார்க்க வந்தார்கள். கருவியைக் கட்டி விட்டோம், மேகத்துக்குள் போய்விட்டது. ஒரு சிறுமி, "இது மேலே போகிறது, ஐஸ் கீழே இருக்கிறதே?" என்றாள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் குடாக்கரை நண்பரே, அட்டவணையைக் குறை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கட்டம் போதவில்லை என்றால் கட்டத்தைக் கூட்டுங்கள். ரெசொலூட்டிலும் அதற்கும் வடக்கே உள்ள யூரேகா நிலையத்திலும் ஐஸ் தடிப்புப் பதிவுகள் 1947-இலேயே தொடங்கிவிட்டன. வாரம் ஒருமுறை, கரையோரம், ஏறக்குறைய அதே இடம், கூடவே ஸ்னோ ஆழம். யாரோ கை விறைக்க எழுதிவைத்ததால்தான் இன்று ஒப்பிட முடிகிறது. செயற்கைக்கோள் பதிவு 1979-இலிருந்துதான் தொடர்ச்சியாக இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததற்கு இந்தத் துளைகள்தான் சாட்சி.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே துளை போதாது, கரையிலிருந்து ஒடுக்கத்தை நோக்கி ஒரு கோடு பிடித்துப் பல துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்னோ ஆழம், ஐஸ் தடிப்பு, துளையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது. நேரத்தை எழுதி, வற்றா பெருக்கா என்று குறியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கடுமையாக இருக்கும், அதையும் குறியுங்கள். ஜிபிஎஸ் புள்ளி கட்டாயம். பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், பேனா உறைந்துவிடும். அடுத்த வருடப் பிள்ளைகள் அதே கோட்டில் தொடரட்டும்.

இக்லூலிக்கில் இருந்தவள்

பலூன் சார், ஒடுக்கத்தை நோக்கிப் பிள்ளைகளைத் துளை போட அனுப்புகிறீர்களே, அங்கே ஐஸ் தாங்குமா என்று முன்னால் போய்த் தட்டிப் பார்ப்பது யார்? அந்த ஐயாதானே! கரையோரத் துளை கரையைப் பற்றித்தான் சொல்லும். ஜிபிஎஸ் வீட்டுக்கு நேர்கோடு காட்டும். அந்தக் கோட்டில் மெல்லிய ஐஸ் இருந்தால் அதற்குத் தெரியாது.

இக்லூலிக் என்ற வடக்குத் தீவு ஊரில் எங்களுக்கு நடந்தது இது. வெளிவகுப்பு முடிந்து திரும்பும் வழியில் காற்று கிளம்பி எல்லாம் வெள்ளை, முன்னால் போகும் ஸ்கிடூகூடத் தெரியவில்லை. குளிரில் ஜிபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இறங்கி, மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, தரையில் இறுகிக் கிடந்த ஸ்னோ மேட்டைத் தடவினான். மேற்கு-வடமேற்குக் காற்று செதுக்கிவைக்கும் நாக்கு வடிவ மேடுகள் அவை, கல்லாக இறுகிவிடும், பிறகு எந்தக் காற்று அடித்தாலும் சட்டென்று மாறாது. அந்த மேட்டை இன்ன சாய்வில் குறுக்கே கடந்துகொண்டே போனால் ஊர் வரும் என்று அவன் தாத்தா சொல்லிக்கொடுத்திருந்தார். வந்தோம்.

இரவு நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். காற்று முன்பு போல ஒரே திசையில் நிற்பதில்லை, இந்தப் பையன்கள் மேட்டை மட்டும் நம்பக் கூடாது என்றார். காலநிலை மாற்றம் பற்றி எத்தனையோ ஸ்லைடு காட்டியிருக்கிறேன். பேரன் உயிரோடு வந்த அன்றே அந்த மனிதர் அதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

குடாக்கரை

பலூன் அண்ணை, பல துளை யோசினை நல்லது, செய்வம். அக்கா சொன்னமாதிரி ஐயா தட்டிக் காட்டின இடத்தில மட்டும். "எங்க தட்டினார், கம்பு எத்தினையாம் குத்தில இறங்கினது, என்ன சொன்னார்" எண்டு மூண்டு கட்டம் கூட்டியிருக்கிறன். அதை அவையின்ர இனுயிட் மொழி இனுக்டிடூட்டிலயே எழுதுங்கோ எண்டு பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கிறன், எனக்கு வாசிச்சுச் சொல்ல அவையிருக்கினம். குடா நவம்பர் அளவில உறையத் தொடங்கும், ஐயா முதல் ஐஸிலயிருந்தே வாறன் எண்டவர்.

ஒரு உதவி. வெளிவகுப்புக்கு நிதி கேக்கிற விண்ணப்பத்தில, தெற்கிலயிருந்து வாற நிபுணருக்கு விமானச் செலவு, தங்குமிடம், கூலி எல்லாத்துக்கும் தலைப்பு இருக்கு. ஐயாவுக்குப் பெற்றோல் காசு மட்டுந்தான் எழுத முடியுதாம். அவருக்கு முழு நாட்கூலி எழுதி எடுத்தவை ஆரும் இருந்தா, விண்ணப்பத்தில எந்தத் தலைப்பில போட்டனியள் எண்டு சொல்லுங்கோ. செப்டெம்பருக்கு முதல் அனுப்ப வேணும்.