பாடகர் ரெண்டு பீட் முன்னாடி வந்துட்டா டிரம்மர் ரோலைக் கட் பண்ணணுமா?

ஹைஹாட்_கால்:
சுதிப்பெட்டி இந்த மன்றத்துல இன்னொரு இழையில போற போக்குல ஒரு தீர்ப்பு எழுதியிருக்கார். மெல்லிசை மேடையில டிரம்மர் பாடகருக்குப் பின்னாடிதான் வரணுமாம். பாடகர் சரணத்தை ரெண்டு பீட் முன்னாடி எடுத்துட்டா டிரம்மர் ரோலை, அதாவது சரணத்துக்கு முன்னாடி வேகமா உருட்டுற அடிகளை, அங்கேயே கட் பண்ணிட்டுப் பாடகரோட இடத்துக்குத் தாவணுமாம்.

நடக்கிறது என்னன்னு பாருங்க. ஒரு பாருக்கு (சுற்றுக்கு) நாலு பீட் உள்ள பாட்டு, டெம்போ நிமிஷத்துக்கு 96 பீட். சரணத்துக்கு முந்தின பி.ஜி.எம்., அதாவது பாட்டு வரி இல்லாத இசை, எட்டு பார். எட்டாவது பார்ல மூணாவது பீட்ல நான் ரோலைத் தொடங்குறேன். ஸ்னேர் டிரம்ல நாலு அடி, டாம் டிரம்ல நாலு அடி, அடுத்த பாரோட ஒண்ணுல, அதாவது முதல் பீட்ல, க்ராஷ் தட்டு. அதே மூணாவது பீட்ல பாடகர் வாயைத் திறந்துட்டார். கீபோர்டோட ஸ்ட்ரிங்ஸ் ஓட்டம் அந்த ஒண்ணுலதான் முடியுது, தபேலா தீர்மானமும் (முடிப்புச் சொற்கட்டும்) அங்கதான் முடியுது, பேஸ் கிட்டாரும் கார்டை (சுரக் கூட்டை) அங்கதான் மாத்துது. நாலு பேரும் ஒரே இடத்துக்குப் போயிட்டு இருக்கோம். தப்பு பண்ணினது ஒருத்தர். ஒருத்தருக்காக நாலு பேர் தாவுறதா, நாலு பேருக்காக ஒருத்தர் ஒண்ணேகால் செகண்ட் காத்திருக்கிறதா? ரோலை முடிக்கணும். டிரம்மர்தான் லீட்.

சுதிப்பெட்டி:
நான் எழுதினது அப்படியே நிக்குது, ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். மண்டபத்துல உட்கார்ந்திருக்கிறவங்க பாட்டைக் கேக்க வந்தவங்க. வரி வந்துடுச்சுன்னா சரணம் ஆரம்பிச்சாச்சு. அதுக்கு மேல டம டமன்னு ரோல் உருட்டினா "டிரம்மர் தப்பா வாசிக்கிறார்"னுதான் சொல்வாங்க. காத்திருக்கணுமாம்! பாதி வரியில நின்னு காத்திருக்க முடியுமா?

ஹைஹாட்_கால்:
நிக்கச் சொல்லலை. முதல் எழுத்தை நீட்டச் சொல்றேன். அகாரத்தை ஒண்ணேகால் செகண்ட் நீட்டினா சங்கதி (வரியை மாத்தி அழகுபடுத்துறது) போடுற மாதிரிக் கேக்கும், க்ராஷ்ல வந்து சேர்ந்துக்கலாம். பாடத் தெரிஞ்சவங்க செய்வாங்க.

சுதிப்பெட்டி:
வரி குறில்ல தொடங்கினா? "நிலவு"ங்கிற சொல்லை "நீஈஈலவு"ன்னு பாடச் சொல்றீங்களா? தமிழ்ல குறில்னு ஒண்ணு இருக்கு சார். நெடில்ல தொடங்குற வரிக்கு வேணா உங்க யோசனை செல்லும். குறில்ல தொடங்குற சரணம் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வந்து பேசுங்க.

நாலுகம்பி:
பேஸ் கிட்டார் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ஹைஹாட் அண்ணே, ரெண்டு பீட் தள்ளினா உங்க கிக்கும் (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஸ்னேரும் கெடவே கெடாது. கிக் 1, 3-வது பீட்ல. ஸ்னேர் 2, 4-ல. பாடகரோட ஒண்ணு உங்க மூணுல விழுந்தாலும் அங்கேயும் கிக்தான் இருக்கு. கெடுறது கார்டு. நீங்க ரோலை முடிச்சு க்ராஷ் அடிச்சா நான் அதைத்தான் ஒண்ணுன்னு எடுத்துக் கார்டை மாத்துவேன். அது பாடகருக்கு மூணாவது பீட். அதுக்கப்புறம் சரணம் முழுக்க ஒவ்வொரு கார்டும் ரெண்டு பீட் லேட். அந்த க்ராஷ்தான் எல்லாத்தையும் கெடுக்குது.

ஒரு பீட் மட்டும் முன்னாடி வந்தா கதை வேற. ஸ்னேர் பாடகரோட ஒண்ணுலயும் மூணுலயும் விழும், மொத்தமும் தலைகீழ். அப்போ நீங்க கட்டாயம் மாறித்தான் ஆகணும். இங்க பேச்சு ரெண்டு பீட்டைப் பத்தி. க்ராஷ் இல்லாம விட்டுட்டா போதும். ரோலோட ரெண்டாவது பாதியில டாமுக்குப் போகாம பாடகரோட ரெண்டாவது பீட்ல ஒரே ஒரு ஸ்னேர், மூணுல கிக், ஹைஹாட்டை (காலால மிதிச்சு மூடுற ஜோடித் தட்டை) சாதாரணமாத் தொடருங்க. பாடகர் கணக்குல வர்ற அடுத்த பாரோட ஒண்ணுல க்ராஷ் வையுங்க, கூடவே தலையை ஆட்டிக் காட்டுங்க. நாங்க சேர்ந்துக்குவோம்.

ஹைஹாட்_கால்:
ஆக நீங்களும் ரோலைக் கட் பண்ணத்தான் சொல்றீங்க. பேஸ் வாசிக்கிறவங்க எப்பவும் பாடகர் பக்கம்தான். உங்களுக்கு வரி காதுல விழுதில்ல? அப்புறம் ஏன் என் க்ராஷைப் பார்த்துக் கார்டை மாத்துறீங்க? டிரம்மர் லீட் இல்லைன்னா க்ராஷைக் கவனிக்காதீங்க. கவனிச்சா நான் லீட்னு ஒத்துக்கோங்க.

இன்னொரு கணக்கு. பாடகர் வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிஞ்சுடாது. ரெண்டு மூணு அடி போனப்புறம்தான் மண்டையில ஏறும். இந்த டெம்போல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 156 மில்லி செகண்ட். மூணு அடிக்குள்ள அரை செகண்ட் கிட்டப் போயிடுது. அதுக்கப்புறம் கட் பண்ணி க்ராஷ் வச்சா அது அவரோட ரெண்டாவது பீட்ல விழும். ஸ்னேர் விழுற இடத்துல க்ராஷ்! அதைவிட அசிங்கம் உண்டா? ரோலை முடிக்கிறதே மேல்.

நாலுகம்பி:
அந்த இடத்துல க்ராஷே வேண்டாம்னுதான் எழுதியிருக்கேன். படிக்காமப் பதில் போடாதீங்க.

கறுப்புக்கட்டை:
லீட்ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல பேசிக்கலாமா? டெம்போவைக் காப்பாத்துறது ஒண்ணு, எங்க நிறுத்துறோம் எங்க மாறுறோம்னு சைகை காட்டுறது ஒண்ணு, குழுவுக்கு முதலாளியா இருக்கிறது ஒண்ணு. மூணும் தனித்தனி.

ஹைஹாட்_கால்:
மூணும் டிரம்மர் செய்திருக்கார். சிக் வெப் யாருன்னு தேடிப் பாருங்க. நியூயார்க் ஹார்லெம்ல, சவாய் நடன அரங்கில 1930-கள்ல பெரிய பேண்டை நடத்தினவர், டிரம்மர். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1935-ல அந்த பேண்ட்லதான் பாடகியாச் சேர்ந்தாங்க. பாடகி டிரம்மர்கிட்ட வந்து சேர்ந்தாங்க, டிரம்மர் பாடகிகிட்டப் போகலை.

சுதிப்பெட்டி:
பாதியோட நிறுத்திட்டீங்களே. 1939-ல சிக் வெப் இறந்தப்புறம் அதே பேண்ட் யார் பேர்ல ஓடுச்சு? எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பேர்ல. பாடகி! உங்க உதாரணமே என் பக்கம் வந்து நிக்குது.

ஹைஹாட்_கால்:
இறந்தப்புறம்தானே? உயிரோட இருந்தப்போ?

அரையிடம்:
மிருதங்கம் வாசிக்கிறவங்க இருக்கிற இடத்துல இந்தச் சண்டையே வராது. ஆதி தாளம்னா எட்டு எண்ணிக்கை. பாடறவர் தன் கையாலேயே தாளம் போடறார். எடுப்பு (பாட்டு தொடங்குற இடம்) தவறினா அவர்தான் திரும்பி வந்து பிடிச்சுக்கணும், யாருக்காகவும் தாளத்துல ரெண்டு எண்ணிக்கையை வெட்ட மாட்டாங்க. மிருதங்கம் சர்வலகுவை (தாளத்தோட ஒட்டி ஓடுற சீரான நடையை) தெளிவா வாசிச்சு, சமத்தை (தாளத்தோட முதல் எண்ணிக்கையை) தொப்பியில, அதாவது இடப்பக்கத்துல, அழுத்தமாக் காட்டும். பக்கவாத்தியம்னு பேர் இருந்தாலும் வழிகாட்டுறது அதுதான். 1966-ல மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது கொடுத்தாங்க. மிருதங்கத்துக்குக் கிடைச்ச முதல் கலாநிதி அது. பக்கத்துல உட்கார்ந்தவரோட பெருமை சபைக்குப் புரியவே அவ்வளவு நாள் ஆச்சு.

ஹைஹாட்_கால்:
கேட்டுக்கோங்க சுதிப்பெட்டி. தாளத்தை வெட்ட மாட்டாங்களாம். நீங்க ஒரு கையில மைக், ஒரு கையில போன்ல பாட்டு வரி. தாளம் போடக் கை எங்க இருக்கு?

சுதிப்பெட்டி:
கச்சேரியில பாடகர் கையிலதான் தாளம்னு அவரே சொல்லிட்டார். அப்போ லீட் யாரு? அரையிடம் சார், நன்றி.

அரையிடம்:
நான் சொன்னது அது இல்லை. தாளம் யார் கையிலயும் இல்லை, அது பொது. கையால காட்டுறது வேற, அதுக்கு எஜமானா இருக்கிறது வேற.

பேடுமேளம்:
எல்லாரும் பழைய காலத்துலயே இருக்கீங்க. இப்போ பாதிக் குழு கீபோர்டுல சீக்வென்ஸ் (முன்கூட்டியே பதிஞ்சு வச்ச டிராக்) போட்டுத்தான் ஓட்டுது. டிரம்மர் காதுல கிளிக் (பீட் காட்டுற டிக் டிக் சத்தம்). பாடகர் ரெண்டு பீட் முன்னாடி வந்தாலும் நாலு பீட் பின்னாடி வந்தாலும் டிராக் நகராது. லீடும் இல்லை, ஃபாலோவும் இல்லை. ரோலைக் கட் பண்ணினாலும் முடிச்சாலும் டிராக்கோட ஒண்ணு அங்கேயேதான் இருக்கும்.

ஹைஹாட்_கால்:
எலக்ட்ரானிக் பேடு தட்டுறவங்க டிரம்ஸ் பேச்சுல ஏன் வர்றீங்க? ரப்பர் பலகையைத் தட்டினா சத்தம் ஸ்பீக்கர்லதான் வருது. மானிட்டர் (மேடையில நமக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) செத்தா நீங்களும் செத்தீங்க. என் ஸ்னேர் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போகும்.

பேடுமேளம்:
1985-ல ரோலண்ட் கம்பெனியோட ஆக்டாபேட்ங்கிற எலக்ட்ரானிக் பேடு வந்ததுல இருந்து தபேலா, டோலக், காங்கோ எல்லாத்தையும் எட்டுப் பலகையில ஒரு ஆளே வாசிக்க முடியுது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரலையா அண்ணே? உங்க ஸ்னேர் கடைசி வரிசை வரைக்கும் போகுதில்ல, அதுதான் பிரச்சினையே. பின்சுவர் 25 மீட்டர் தள்ளி இருக்குன்னு வையுங்க. சத்தம் போய்த் திரும்பி வர 50 மீட்டர், 146 மில்லி செகண்ட். நீங்க சொன்ன 156 கிட்டத்தட்ட அதேதான். முன்னாடி நிக்கிற பாடகர் காதுல உங்க ஒவ்வொரு அடியும் ரெண்டு தடவை விழுது, இரண்டாவது கிட்டத்தட்ட ஒரு அடி லேட்டா. எது நிஜ ஒண்ணுன்னு அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பாடகரோட மானிட்டர்ல ஹைஹாட்டை ஏத்தி, கிக்கைக் குறைச்சு வச்சா பாதித் தப்பு நடக்கவே நடக்காது. கிக்கோட கனம் மண்டபத்துல குழம்பிடும், ஹைஹாட்தான் காதுக்குக் கூர்மையாத் தெரியும்.

சுதிப்பெட்டி:
இதைத்தான் பாடுறவங்க தொண்டை கிழியச் சொல்றோம். சவுண்ட் செக்ல டிரம்மர் முக்கால் மணி நேரம் கிக்கைத் தட்டுவார், பாடகருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா அதிகம். மேடையில கேக்காததுக்குப் பழி பாடகர் மேல.

ஹைஹாட்_கால்:
கேக்கலைன்னா காத்திருக்கணும், முந்தக் கூடாது. கேக்காதவர் ரெண்டு பீட் முன்னாடி எப்படி வருவார்? எதிரொலி லேட்டாத்தானே வருது? எதிரொலியைக் கேட்டுப் பாடினா பின்னாடி இழுக்கணும், முன்னாடி தாவக் கூடாது. முன்னாடி வந்தா எண்ணலைன்னு அர்த்தம். எட்டு பார் எண்ணத் தெரியலை. அவ்வளவுதான் விஷயம்.

நாலுகம்பி:
அது சரியான கேள்வி, ஒத்துக்கிறேன். ஆனா அண்ணே, டிரம்மருங்க எட்டாவது பார்ல மட்டும் ரோல் போடுறதில்லையே. நாலாவது பார் முடிவுலயும் அதே எட்டு அடி ரோல், அதே க்ராஷ். எண்ணாத பாடகர் ரோலைத்தான் அடையாளமா வச்சிருப்பார். எல்லா இடத்துலயும் ஒரே ரோலைப் போட்டா அவருக்கு எது வாசல், எது ஜன்னல்னு தெரியாது. நாலாவது பார் முடிவுல ஹைஹாட்டை ஒரு தடவை திறந்து மூடுங்க, போதும். பெரிய ரோலை எட்டாவது பாருக்குன்னு வையுங்க. அந்த ரோலும் ஓடக் கூடாது. டாமுக்குப் போனதும் கை வேகம் ஏறும், 96-ல இருந்த பாட்டு க்ராஷ்ல 100 ஆயிடும். உருட்டும்போது இடது கால் ஹைஹாட்டை 2-லயும் 4-லயும் மிதிச்சுட்டே இருந்தா ஓடாது. உங்க பேர்லயே ஹைஹாட்டும் காலும் இருக்கு.

ஹைஹாட்_கால்:
என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ரோல் ஓடுதுன்னு யார் இங்க கேட்டாங்க? பேச்சு ரெண்டு பீட். ரோலை முடிக்கணும். இதுவரைக்கும் ஒருத்தராவது அதுக்கு நேரான பதில் சொன்னீங்களா?

நாலுகம்பி:
ரெண்டு தடவை சொல்லியாச்சு. பாடகரோட ரெண்டுல ஸ்னேர், மூணுல கிக், க்ராஷ் இல்லை.

ஹைஹாட்_கால்:
அது பேஸ்காரர் ஆசை. டிரம்மர் யாராவது சொல்லுங்க.

பேடுமேளம்:
நான் சொல்றேன். கட் பண்ணணும்.

ஹைஹாட்_கால்:
டிரம்மர் யாராவதுன்னு கேட்டேன்.

சுதிப்பெட்டி:
குறிலை எப்படி நீட்டுறதுன்னு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.