சிங்கப்பூர் வேலைக்கு வருவோரின் முகவர் கட்டணம்: தமிழ்நாட்டு அரசிடம் நாம் எதைக் கேட்பது?

துவாஸ் மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். வேலை அனுமதிச் சீட்டில் வந்து, இப்போது எஸ் பாஸில் (நடுத்தரத் திறனாளருக்கான வேலை அனுமதி) கட்டுமானத் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவியின் தம்பி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, டெஸ்ட் (சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கான திறன் தேர்வு) அடித்துத் தேறிவிட்டான். ஐபிஏ கடிதமும், அதாவது வேலை அனுமதிக்கான கொள்கை ஒப்புதலும், வந்துவிட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 650 சிங்கப்பூர் வெள்ளி என்று இருக்கிறது. முகவர் கேட்பதோ 4 லட்சம் ரூபாய். ஏறத்தாழ ஒன்பது பத்து மாத அடிப்படைச் சம்பளம், அவன் விமானம் ஏறும் முன்பே கைமாறிவிடும். மாமியாரின் நகையை அடகு வைத்துப் பாதித் தொகையைக் கொடுத்துவிட்டார்கள். ரசீது கேட்டபோது, "சிங்கப்பூர் வேலைக்கு யாராவது ரசீது கொடுப்பார்களா?" என்று முகவர் சிரித்தாராம்.

ஜனவரி 12, அயலகத் தமிழர் நாளையொட்டித் தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு மனு அனுப்பலாம் என்று எங்கள் விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். கேரளத்தில் 1996ஆம் ஆண்டிலேயே வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கென நோர்கா என்னும் தனித் துறை வந்துவிட்டது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வூதியத்துடன் நலநிதியும் இருக்கிறது. அதைப்போல நமக்கும் காப்பீடும் ஓய்வூதியமும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முகவர் கட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால், அது மாநில அரசின் அதிகாரத்துக்குள் வருமா என்பதே எனக்குப் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்

அண்ணா, உங்கள் எண்ணமே சரி என்பேன். சிராங்கூன் சாலைப் பக்கம், அடிபட்டும் சம்பளம் வராமலும் வழக்கோடு காத்திருக்கும் ஊழியர்களுக்கு உணவு கொடுக்கும் இடத்தில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அங்கே வருபவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் ஐபிஏ, சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டு, கைப்பேசியில் எடுத்த நேரக் குறிப்பேட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும். ஊரில் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இங்குள்ள சட்டத்தில் குறைகள் உண்டு, ஆனால் வழியும் உண்டு. சம்பளப் பாக்கிக்கு முதலில் டாடெம் என்னும் முத்தரப்புத் தகராறு தீர்வு அமைப்பில் சமரசப் பேச்சு. அது முறிந்தால் 2017இல் தொடங்கிய வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றம். வேலையிலிருந்து நின்றவர் ஆறு மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். முதலாளியே வேலை கொடுப்பதற்காகப் பணம் வாங்கினால், அது தனிக் குற்றம். உரிமம் பெற்ற சிங்கப்பூர் முகவர் ஊழியரிடமிருந்து வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்ச வரம்பு இருக்கிறது: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால், அந்த வரம்பு இங்கே வாங்கப்படும் பணத்துக்குத்தான். ஆலங்குடியிலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் எண்ணிக் கொடுக்கப்படும் நோட்டுக்கட்டை மனிதவள அமைச்சு எப்படிப் பிடிக்கும்?

அந்தக் கடன்தான் ஊழியரின் வாயைக் கட்டுகிறது. விரலில் அடிபட்டவர்கூட, "புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வட்டியை யார் கட்டுவது?" என்றுதான் முதலில் கேட்கிறார். ஓய்வூதியம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அறுபது வயதில் வரப்போகும் பணம் இருபத்து மூன்று வயதுக்காரனின் கடனை அடைக்காது.

வழக்குக்கட்டு

சென்னையில் சட்டம் படித்து, இப்போது இங்கே வேறு துறையில் இருக்கிறேன். அதிகாரம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குடிபெயர்வு என்பது இந்திய அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 19ஆம் இனம். ஆகவே ஆள்சேர்ப்பு முகவருக்குப் பதிவு வழங்குவதும் நீக்குவதும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் வேலை. பதிவில்லாமல் ஆள்சேர்ப்பது குற்றம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. ஆக, 4 லட்சம் என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது. சிங்கப்பூர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும், அதற்குக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. நல்லாட்சி நடக்கும் நாடு என்பதால் நமக்குக் கிடைத்த சலுகை இது. அதன் விளைவாக நம் ஆட்கள் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் வந்து இறங்குகிறார்கள்.

மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஏமாற்றிப் பணம் பறிப்பதை விசாரிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பஞ்சாப் 2012இல் தனிச் சட்டமே இயற்றி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பயண முகவர்கள் மாநில உரிமம் பெற வேண்டும் என்று ஆக்கியது. அங்கே முறைகேடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், உரிமம் இல்லாதவரைப் பிடிக்க மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கருவி கிடைத்தது. நம் ஊரில் இந்த டெஸ்ட் பயிற்சி நிலையங்களையும் அப்படி ஒழுங்குபடுத்தக் கேட்கலாம், ஏனென்றால் முகவர் கட்டணத்தின் பெரும்பகுதி 'பயிற்சிக் கட்டணம்' என்ற பெயரில் ஒளிந்திருப்பது அங்கேதான்.

உங்கள் குடும்பத்துக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்று. குடிபெயர்வுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி வழக்குத் தொடர ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும்; ஆனால், பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தோரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. மைத்துனர் என்ற முறையில் உங்களால் முடியாது. உங்கள் மனைவி அவனுக்கு அக்கா, அவரால் முடியும்.

தேக்கா பெரியவர்

தம்பி, முப்பது ஆண்டுகளில் பல மனுக்களைப் பார்த்தவன் நான். பொன்னாடை, படம், அடுத்த நாள் செய்தித்தாளில் ஒரு பத்தி, அத்தோடு முடிந்துவிடும். பத்துக் கோரிக்கைகள் எழுதினால், அவர்களுக்கு எளிதான ஒன்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் பத்தாவதை விட்டுவிடுவார்கள். ஆகவே ஒன்றை மட்டும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது, தனி ஆணையரகம் இருக்கிறது, 1978 முதல் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. புதிதாக ஒரு அமைப்பைக் கேட்காதீர்கள். இருப்பதைக் கொண்டு இன்ன வேலையைச் செய்யுங்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உற்சாகத்தில் லிட்டில் இந்தியாவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காக ஒருவர் தனியாக நின்றாலும் காவல்துறை உரிமம் வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் மூலையில் உள்ள விலக்குகூடக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அல்ல. ஊரில் இருக்கும் தாய், மனைவி, தம்பி எழுதட்டும். வாக்கு அவர்களிடம்தானே இருக்கிறது!

துவாஸ் மேற்பார்வையாளர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த இழையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். புகார் தன் பெயரில் போகலாம் என்றதும் சற்று நேரம் பேசவில்லை, பிறகு, "அவன் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகா, அதற்கு முன்பா?" என்று கேட்டாள். முன்பே கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று மாமியார் அஞ்சுகிறார். இதுவரை கொடுத்த தொகையையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும், மீதிப் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பவும் சொல்லியிருக்கிறேன். வங்கி என்றதும் முகவர், "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவுகிறாராம்.

மனுவில் ஓய்வூதியத்தை எடுத்துவிட்டோம். பயிற்சி நிலையங்களுக்கு மாநில உரிமம், கட்டணப் பலகை, கட்டாய ரசீது என்ற ஒரே கோரிக்கையுடன் எழுதி, ஊரிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அனுப்புவதாக முடிவு. எங்கள் விடுதியில் மட்டும் பதினேழு குடும்பங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. வரைவை வியாழக்கிழமை இங்கே போடுகிறேன். வழக்குக்கட்டு அவர்கள் பஞ்சாப் சட்டத்தைப் பற்றிய பத்தியை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.