சம்பாவுக்கு எந்த ரகம்? கடைமடைக்காரர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்கள் சேர்ந்து, இந்தச் சம்பா நெல் சாகுபடியை ஒரே சமயத்தில் தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவது தனிக்கதை. அதனால் சம்பாவுக்கு முந்தைய குறுவை நெல்லை விட்டுவிட்டு, ஆடியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுவதாகத் திட்டம். யூரியா மூட்டையைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டும்.

சிக்கல் ரகத்தில்தான். சி.ஆர். 1009 சப்-1 என்கிற நெல் ரகம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சில நாள் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் 155 நாள் பயிர். ஆவணிக் கடைசியில் விதைத்தால் அறுப்பு மாசிக்குப் போய்விடும். அப்புறம் உளுந்து தெளிக்க மண்ணில் ஈரம் எங்கே இருக்கும்? எங்களுக்கு நெல்லைவிட உளுந்தில்தான் கையில் நாலு காசு நிற்கிறது. அதை விட முடியாது.

தை நடுவில் அறுப்புக்கு வரக்கூடிய, தாழ்ந்த வயலில் சாயாமல் நிற்கிற ரகம் எது? பாரம்பரிய ரகங்களான தூயமல்லி, கிச்சிலிச் சம்பாவைக் களிமண்ணில் நேரடி விதைப்பாகப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? களையை எப்படிச் சமாளித்தீர்கள்?

தக்கைப்பூண்டை ரோட்டவேட்டர் விட்டு மடக்கினால் தண்டு சுற்றிக்கொள்கிறது என்கிறார்கள். டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போதுமா? விதை கைவசம் இருப்பவர்களும் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.