சான் பிரான்சிஸ்கோ கடலோரம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை "சராசரிக்கு மேல் வெப்பம்" என்றால் ஸ்வெட்டர் வேண்டாமா?

சன்னிவேல்வாசி:

ஜூன் கடைசியில அப்பா அம்மா மதுரையிலிருந்து வர்றாங்க, செப்டம்பர் நடுவுல திரும்பறாங்க. ரெண்டு பேருக்கும் எழுபதை ஒட்டின வயசு. அப்பாவுக்குக் குளிர்காத்து முகத்துல அடிச்சா இழுப்பு வந்துடும். ஹாஃப் மூன் பே, ஓஷன் பீச், கோல்டன் கேட் பாலம், சாண்டா க்ரூஸ் நாலுக்கும் கூட்டிட்டுப் போற எண்ணம். அமெரிக்க வானிலைத் துறையோட மூணு மாச முன்னோட்ட வரைபடத்துல நம்ம கடலோரத்துக்கும் "சராசரிக்கு மேல்" நிறம்தான், 40 சதவீதம்னு போட்டிருக்கு. அப்போ இந்தக் கோடை கடலோரமும் சூடா இருக்குமா? எந்த மாசம், எந்த நேரம் தோது? முதல் நாள் ராத்திரியே தெரிஞ்சுக்க எதைப் பார்க்கணும்?

தாழ்மேகம்:

முதல்ல அந்த 40. 1991 முதல் 2020 வரையான 30 வருஷக் கணக்கை குளிர்ந்தது, நடுத்தரம், வெப்பமானதுன்னு மூணு சம கூறாப் பிரிச்சிருக்காங்க. எந்தத் துப்பும் இல்லேன்னா ஒவ்வொண்ணுக்கும் 33. அது 40 ஆயிருக்குன்னா தராசு லேசா சாய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான். எத்தனை டிகிரி கூடும்னு அந்த வரைபடம் சொல்றதே இல்லை. நகரத்து மையத்துல ஜூலை மாத சராசரி அதிகபட்சம் 19 டிகிரி செல்சியஸ். சராசரிக்கு மேல் போன ஜூலைன்னாலும் 20, 21க்குள்ளதான் நிக்கும். மதுரைக்காரங்களுக்கு அது மார்கழி விடியல்தான்.

இன்னொரு சிக்கல், இங்க உள்நாட்டு வெயிலும் கடலோரக் குளிரும் ஒரே கயிறோட ரெண்டு முனை. வசந்தத்துலயும் கோடைத் தொடக்கத்துலயும் வடமேற்குக் காத்து கரையை ஒட்டி வீசி மேல்நீரைக் கடலுக்குள்ள தள்ளிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேல வரும். அதனாலதான் ஜூன்லயும் கடல்நீர் 11 முதல் 13 டிகிரி. அதைத் தொட்டு வர்ற காத்து குளிர்ந்து, ஈரத்தோட தரையை ஒட்டிக் கிடக்கும். அதுக்கு மேல பசிபிக் உயரழுத்தம் அழுத்தி இறக்குற காத்து சூடா, வறண்டு, ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துடும். மேல வெதுவெதுப்பு, கீழ குளிர்னு வழக்கத்துக்குத் தலைகீழா இருக்கிற இந்த அடுக்கைத்தான் இன்வெர்ஷன்னு சொல்றாங்க.

உள்நாட்டுல, சாக்ரமெண்டோ பக்கம் 38 டிகிரி கொளுத்தினா அங்க அழுத்தம் இறங்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, மூடிக்குக் கீழ இருக்கிற குளிர்காத்து கோல்டன் கேட் இடைவெளி வழியா உள்ளே பாயும், மேகத்தையும் இழுத்துக்கிட்டு. வரைபடத்துல உள்நாடு எவ்வளவு சிவப்போ, அத்தனைக்கு ஓஷன் பீச்ல காத்து அடிக்க வாய்ப்பு.

விதிவிலக்கு, கடலே சூடாகிற வருஷங்கள். 2014, 2015ல நடந்தது அதுதான். அப்போ ராத்திரிக் குளிர் குறையும், மூடியும் தளரும். அதனால பருவ முன்னோட்டத்துல காத்து வெப்ப வரைபடத்தை விட, கரையோரக் கடல்நீர் இயல்பை விட எத்தனை டிகிரி கூட இருக்குன்னு பாருங்க. கடலோரத்துக்கு அதுதான் பேசும்.

மிதவை46026:

மேல சொன்னது சரி. முதல் நாள் ராத்திரி பார்க்க வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன். போன் ஆப்பைத் தள்ளி வைங்க. அதோட கட்டம் பல கிலோமீட்டர் அகலம். மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் பனிமூட்டம்னு இருக்கிற இடத்துல ரெண்டையும் கலந்து, எங்கேயும் இல்லாத ஒரு எண்ணைக் காட்டும்.

மான்டரேல இருக்கிற தேசிய வானிலை அலுவலகம் தினமும் சில தடவை எழுத்து வடிவ முன்னறிவிப்பு விவாதம் வெளியிடும். அதுல மரைன் லேயர், அதாவது அந்த மூடிக்குக் கீழ இருக்கிற குளிர்காத்து அடுக்கு, எத்தனை அடின்னு தேடுங்க. ஓக்லண்ட்ல கோடையில காலை 5, மாலை 5 மணிக்குப் பறக்க விடுற வானிலை பலூன்லேர்ந்து வர்ற அளவு அது. 500 முதல் 1,000 அடின்னா கரையில அடர்ந்த பனிமூட்டம். பாலத்தோட சாலைத்தளம் நீர்மட்டத்துக்கு மேல சுமார் 67 மீட்டர், கோபுர உச்சி 227 மீட்டர், அதனால பாலம் மொத்தமா மறைஞ்சாலும் மறையும். அதே நேரம் 784 மீட்டர் உயர டமால்பைஸ் மலை உச்சியில சட்டையோட நிக்கலாம். 2,000 அடின்னா மேகம் உள்நாட்டுல இருக்கிற லிவர்மோர் வரைக்கும் போகும், ஆனா அடிமட்டம் உயர்ந்திருக்கும். சாம்பல் வானத்துக்குக் கீழ பாலம் முழுசாத் தெரியும், கூடவே தூறல். படம் எடுக்கணும்னா ஆழமான லேயர்தான் நல்லது. பலர் இதைத் தலைகீழா நினைக்கிறாங்க.

அடுத்து, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் சாக்ரமெண்டோவுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். அதே விவாதத்துல பெரும்பாலும் இருக்கும். 3 மில்லிபாரைத் தாண்டினா சாயங்காலம் காத்து பேயாட்டம் ஆடும், மேகமும் மறுநாள் சீக்கிரம் கலையாது. பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா நல்ல நாள். காலையில கிளம்பும் முன்னாடி கோஸ் மேற்கு (GOES West) வானிலைச் செயற்கைக்கோள் படத்தை ஓட்டிப் பாருங்க. மேகத்தோட விளிம்பு எட்டரைக்கே கரையை நோக்கிச் சுருங்க ஆரம்பிச்சிருந்தா 11 மணிக்கு வெயில் வந்துடும்.

ஒண்ணு கவனம்: நேரமெல்லாம் சில பக்கங்கள்ல உலகப் பொது நேரத்துல (UTC) இருக்கும். கோடையில 7 மணி நேரம் கழிச்சுக்கோங்க.

மோஸ்பீச்:

அப்பாவுக்கு இழுப்புன்னா டிகிரிக் கணக்கை விடக் காத்துதான் கணக்கு. கரையில காலை 9 முதல் 11 வரை பெரும்பாலும் அமைதி. வானம் சாம்பலா இருக்கும், ஆனா காத்து இருக்காது. பதினொண்ணுக்கு மேல எழும்பி, 3 முதல் 6 வரை உச்சம். "வெயில் வரட்டும்"னு மதியம் கிளம்பறவங்கதான் மாட்டிக்கிறாங்க. வெயிலும் காத்தும் சேர்ந்தே வரும்.

ஸ்வெட்டர் மட்டும் போதாது, பின்னல் வழியா காத்து புகுந்துடும். காத்துப் புகாத மெல்லிய ஜாக்கெட், உள்ளே ஒரு பருத்திச் சட்டை, காதையும் மூக்கையும் மூடுற மாதிரி மஃப்ளர். சான் மாட்டேயோவுல 28 டிகிரில வண்டி ஏறி, 92ம் நெடுஞ்சாலைல மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பேல இறங்கினா 16 இருக்கும். நடுவுல அரை மணி நேரம்தான். இறங்கின பிறகு பெட்டியைத் தேடாம வண்டியிலேயே போட்டு விடுங்க. இன்ஹேலர் டிக்கியில இல்லாம கையில இருக்கட்டும்.

வெயிலோட கடல் பார்க்கணும்னா சாண்டா க்ரூஸ், கேபிடோலா. அந்தக் கரை தெற்குப் பார்த்தது, வடமேற்குக் காத்தை மலை மறைச்சுக்கும், மதியம் பெரும்பாலும் வெளுத்துடும். ஓஷன் பீச் நேரே மேற்கு, மறைப்பு ஒண்ணும் இல்லை. அங்க வருஷம் பூரா ஆளைக் கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டமும் உண்டு, கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க. நகரத்துக்குள்ள மதியச் சாப்பாட்டுக்கு ஓஷன் பீச்சை ஒட்டின சன்செட் வட்டாரம் வேண்டாம். ட்வின் பீக்ஸ் குன்றுகளுக்குக் கிழக்க மிஷன் பகுதியில பனி கம்மி.

சன்னிவேல்வாசி:

நன்றி. அப்போ செப்டம்பர் முதல் வாரத்துக்கு எல்லாத்தையும் தள்ளி வச்சுடலாமா?

தாழ்மேகம்:

ஹாஃப் மூன் பேயையும் பாலத்தையும் தள்ளலாம், எல்லாத்தையும் வேண்டாம். நகரத்துல வெப்பமான மாசம் செப்டம்பர்தான், சராசரி அதிகபட்சம் 21. வடமேற்குக் காத்து தளரும், கடல்நீரும் கொஞ்சம் ஏறும். ஆனா உள்நாட்டுத் தாழ்வழுத்தம் கரைக்கு நகர்ந்தா காத்து திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். 2017 செப்டம்பர் 1ல நகரத்து மையத்துல 41 டிகிரி போனது அப்படித்தான், அது அங்க பதிவான உச்சம். நகரத்துப் பழைய வீடுகள்ல பெரும்பாலும் ஏசி கிடையாது, அறை எடுக்கிறதா இருந்தா கேட்டுக்கோங்க. காட்டுத்தீப் புகையும் அந்தச் சமயத்துலதான். காத்துத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினா அப்பா வெளியே வரவே வேண்டாம்.

மிதவை46026:

அந்த மாதிரி வெப்பம் முடியறதும் திடீர்னு இருக்கும். தெற்கே பிக் சர் கரையை ஒட்டி ஒரு மேக நாக்கு வடக்கு நோக்கி ஏறும். கடல்ல காத்தை அளக்கிற மான்டரே மிதவை 46042ல காத்து வடமேற்கிலிருந்து தெற்குக்குத் திரும்பினா அடுத்து ஹாஃப் மூன் பே மிதவை 46012ஐப் பாருங்க. அங்கேயும் திரும்பிட்டா கரையில உட்கார்ந்திருக்காதீங்க, கொஞ்ச நேரத்துல 10 டிகிரி இறங்கும். 280 நெடுஞ்சாலையில திரும்பும்போது கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரிக்கு மேற்கே முகட்டைத் தாண்டி மேகம் வழியறது தெரிஞ்சா, பெரியவங்களுக்கு அதை வண்டிக்குள்ளேருந்தே காட்டிடலாம்.