ஒரே வரியை இருவர் தட்டினாலும் 'பொருந்தவில்லை' என்கிறது – உதவி தேவை

கூத்துக்கொப்பி: வணக்கம். முல்லைத்தீவு முள்ளியவளைப் பக்கத்துப் பழைய கோவலன் கூத்துக் கொப்பிகளைப் படம்பிடித்து, ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு தட்டச்சுச் செய்விக்க இணையக் கருவியொன்று எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டுவார்கள். ஒத்துப்போன வரி ஏற்கப்படும், மற்றவை கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போகும். இப்போது பெரும்பாலான வரிகள் அவரிடமே போய்க் குவிகின்றன. 'கொண்டுவா' என்று இருவரும் ஒரே மாதிரித்தான் தட்டியிருக்கிறார்கள். கருவி மட்டும் இல்லையென்று அடம்பிடிக்கிறது. அண்ணாவியாருக்கும் பொறுமை போய்விட்டது.

வவுனியா நிரலர்: தம்பி, கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பு வேறு, கால் வேறாகவும் சேமிக்கலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய உரையில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாய்ச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்ற ஒற்றை வரி போதும். கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளையும் நீக்கிவிடுங்கள், அவற்றை 'நார்மலைஸ்' தொடாது. 'கௌரி'யை ளகரம் போட்டுக் 'கெளரி' என்று தட்டியிருந்தாலும் அகப்படாது. அதற்குத் தனி விதி வேண்டும். கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளம்' கெட்டுப்போகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை: அது சரியானாலும் சண்டை ஓயாது, பிள்ளை. பழைய கையெழுத்தில் ஒற்றைக்கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. கொப்பியில் 'கொவலன்' என்றே இருக்கும். ஒரு பிள்ளை கண்டபடி தட்டும், மற்றது 'கோவலன்' என்று திருத்தும். இரண்டு பெட்டி வையுங்கள்: ஒன்றில் கண்டது, மற்றதில் வாசிப்பு. கண்டதை மட்டும் ஒப்பிடுங்கள். வாசிப்பைத் தீர்மானிப்பது அண்ணாவியாரின் வேலை. மெட்டு தெரிந்தவர் அவர்தானே.

கூத்துக்கொப்பி: நன்றி அண்ணா, நன்றி ரீச்சர். என்.எஃப்.சி. போட்டதும் 'கொண்டுவா' அடங்கிவிட்டது. இரண்டாவது பெட்டியும் வைத்துவிட்டேன். கொப்பியின் முகப்பில் ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) என்ற குறிகள் வருகின்றன. பிள்ளைகளின் கைப்பேசி விசைப்பலகையில் அவை இல்லை; சிலர் விட்டுவிடுகிறார்கள், சிலர் 'வருடம்' என்று விரித்து எழுதுகிறார்கள்.

வவுனியா நிரலர்: தட்டும் பெட்டிக்கு மேலேயே அந்த மூன்றுக்கும் பொத்தான் வையுங்கள். தமிழ் எண்களையும் கூடவே சேருங்கள். ௧ என்பதைக் ககரமாகத் தட்டிவிடுவார்கள். எழுத்துருவைக் கருவியோடேயே அனுப்புங்கள், பழைய கைப்பேசியில் வெறும் கட்டம்தான் தெரியும்.