பெங்களூரில் லீஸ் வீடா, ரென்ட் வீடா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் வீடு பார்க்கச் சொன்னால் முதலில் இந்த இரண்டு வார்த்தையையும் பிரித்துச் சொல்லிவிடுவேன். அல்சூர், ஈஜிபுரா பக்கமெல்லாம் கேட்டில் ரென்ட் என்று போர்டு தொங்கினால் அட்வான்ஸும் மாத வாடகையும். லீஸ் என்றால் வாடகை என்று ஒரு பைசா கிடையாது, 10 லட்சமோ 15 லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி செய்யும்போது வட்டியில்லாமல் அதே தொகை திரும்பி வரும். நம்ம ஊர் போக்கியம்தான், தெற்கே ஒத்தி என்பார்கள்.

போன மாதம் ஒரு தம்பியோடு போயிருந்தேன். நல்ல ஆங்கிலம், நன்றாகப் படித்த பையன். லீஸ் வீடு காட்டிய புரோக்கரிடம் "மாசம் எவ்ளோ?" என்று கேட்டான், அவர் என் முகத்தைப் பார்த்தார். நீண்ட நாளுக்கு எழுதினால் லீஸ், 11 மாதம் என்றால் ரென்ட் என்று அவன் எங்கோ படித்திருக்கிறான். அதுவும் சட்டப்படி சரியில்லை. 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 105ஆவது பிரிவில், சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடுதான் லீஸ், அதற்காக அவ்வப்போது கொடுக்கும் பணம்தான் ரென்ட். அப்படிப் பார்த்தால் மாத வாடகை வீடும் லீஸ்தான்! பெங்களூர்க்காரர்கள் லீஸ் என்று சொல்வதன் சாயல் 58ஆவது பிரிவில், அடமானங்களுக்கு நடுவே இருக்கிறது. அதனால் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ரென்டில் ஏமாந்தால் அட்வான்ஸோடு போகும், லீஸில் அம்மாவின் நகையை விற்ற பணமே போய்விடும்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: அண்ணா சொன்னது எங்கள் தெருவிலேயே நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா லீஸுக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை, ஓனர் கடன் கட்டவில்லை என்று வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டின் மேல் கடன் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஓனர் போனை எடுப்பதில்லை, ஒப்பந்தமும் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டது, பதிவு செய்யவில்லை. பணம் கொடுக்கும் முன்பு கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கே.ஆர்.புரத்திலிருந்து: எங்களுக்கு நல்லபடியாக முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினால் பதிவு கட்டாயம், அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலரும் 11 மாதம் போடுகிறார்கள். நாங்கள் செலவானாலும் பரவாயில்லை என்று பதிவு செய்தோம், பணத்தையும் புரோக்கர் கையில் தராமல் ஓனர் கணக்குக்கே அனுப்பினோம். சாவியைக் கொடுத்த அன்றே முழுப் பணமும் வந்துவிட்டது. மெயின்டனன்ஸும் தண்ணீர்க் காசும் மட்டும் மாதாமாதம் நாங்கள் கட்டினோம், அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்.